ஆலோசனை சொன்னோம், பதில் வந்துச்சா?

(எபிசோடின் ஒலிப்பதிவைக் கொஞ்சம் சுருக்கி, வாசிக்க வசதியாகத் திருத்திய எழுத்து வடிவம். பதிவு: ஜூலை 2025.)

நடுவுல ரயில் சத்தம் கேட்டா மன்னிச்சுக்கோங்க. சானடோரியத்துக்கும் தாம்பரத்துக்கும் நடுவுல வீடு. மொட்டை மாடி ரூம்ல உக்காந்து ரெக்கார்ட் பண்றேன். எடிட்ல எவ்வளவு எடுத்தாலும் ஒரு ஃபாஸ்ட் லோக்கல் உள்ள வந்துடும்.

இன்னைக்கு எபிசோடுக்குக் காரணம் எங்க அத்தை. அப்பாவோட அக்கா. வயசு 58. சின்ன வயசுல போலியோ வந்து இடது கால் போச்சு. காலிப்பர் போட்டு நடந்தாங்க. இப்ப பத்து வருஷமா வெளிய போனா சைடு வீல் வச்ச ஸ்கூட்டி, வீட்டுக்குள்ள வீல்சேர். சேலையூர் பக்கம் டெய்லரிங் பண்றாங்க. ப்ளவுஸ் தைச்சு ரெண்டு பசங்களைப் படிக்க வச்ச ஆளு.

போன ஞாயித்துக்கிழமை கையில ஒரு விண்ணப்பத்தை வச்சுக்கிட்டு என்னைக் கூப்பிட்டாங்க. உள்ளாட்சி அமைப்புகள்ல மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினரா போடுறதுக்கான விண்ணப்பம் அது. இந்த மாசம்தான் வாங்குறாங்க. ஃபாரத்தை டேபிள்ல வச்சுட்டு அத்தை கேட்டாங்க: "ஏண்டா, நீ இன்ஜினியரிங் படிச்சவன். எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. ஓட்டுப் போட முடியாத நாற்காலில போய் உக்காந்து நான் என்னடா பண்ணப் போறேன்?"

எனக்கு உடனே பதில் வரலை. சொல்லப்போனா என் வாய்ல முதல்ல வந்தது "வேணாம் அத்தை, சும்மா ஃபோட்டோவுக்குக் கூப்பிடுவாங்க"ன்னுதான். சொல்லலை. ஒரு வாரம் டைம் குடுங்கன்னு கேட்டேன். அந்த ஒரு வாரம் படிச்சதைத்தான் இப்ப உங்க கூடப் பேசப் போறேன்.

முதல்ல ஒரு பழைய கதை. ரெண்டு வருஷம் முன்னாடி புறநகர்ல ஒரு அரசு அலுவலகத்துல மாற்றுத்திறனாளிகள்கிட்ட கருத்துக் கேட்கிறோம், வாங்கன்னு சொன்னாங்க. எந்த அலுவலகம்ங்கிறது வேண்டாம், அது முக்கியமில்லை. அத்தையை நான்தான் கூட்டிட்டுப் போனேன். போய்ப் பார்த்தா கூட்டம் முதல் மாடில. லிஃப்ட் கிடையாது. கீழ ஒரு சரிவுப்பாதை இருந்துச்சு, ஆனா அதுல பைக் நிறுத்தியிருந்தாங்க. நான் சிரிக்கணுமா கோபப்படணுமான்னு தெரியாம நின்னேன். அத்தைக்கு இதெல்லாம் பழக்கம். "மேல போய் சொல்லு, நான் இங்க இருக்கேன்னு" அப்படின்னாங்க.

ஒரு அலுவலர் இறங்கி வந்தார். நல்ல மனுஷன், அதையும் சொல்லணும். படிக்கட்டுக்குப் பக்கத்துல ஒரு ஸ்டூல் போட்டு உக்காந்து, அத்தை சொன்னதை நாலு நிமிஷம் எழுதிக்கிட்டார். டீ வாங்கிக் குடுத்தார். வருகைப் பதிவேட்டைக் கீழயே கொண்டுவந்து கையெழுத்தும் வாங்கினார். அத்தை சொன்ன முதல் விஷயமே "அடுத்த கூட்டத்தைக் கீழ் தளத்துல வைங்க"ங்கிறதுதான்.

அதுக்கப்புறம் ஒரு தகவலும் இல்லை. ஆறு மாசம் கழிச்சு நான் தகவல் உரிமைச் சட்டத்துல ஒரு மனு போட்டேன். பத்து ரூபா. அந்தக் கூட்டத்துல என்னென்ன ஆலோசனை வந்துச்சு, எதுக்கு என்ன நடவடிக்கைன்னு கேட்டிருந்தேன். பதில் வந்துச்சு, ரெண்டே வரி. கூட்டம் நடைபெற்றது. கருத்துகள் பெறப்பட்டன.

பெறப்பட்டன. அந்த ஒரு வார்த்தையிலேயே நான் ரொம்ப நாள் மாட்டிக்கிட்டேன்.

சரி, சட்டத்துக்கு வருவோம். 2016-ல மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்துச்சு. 2017 ஏப்ரல் 19-ல இருந்து அமல். அதுக்கு முன்னாடி 1995 சட்டம். பழசுல ஏழு வகைக் குறைபாடு, புதுசுல 21. இதை எல்லாரும் சொல்லுவாங்க. யாரும் அதிகம் பேசாத ஒரு பகுதி அந்தச் சட்டத்துல 60-வது பிரிவுல ஆரம்பிச்சு 73 வரைக்கும் போகுது. மத்தியில ஒரு ஆலோசனை வாரியம், ஒவ்வொரு மாநிலத்துலயும் ஒரு ஆலோசனை வாரியம், ஒவ்வொரு மாவட்டத்துலயும் ஒரு குழு. வைக்கலாம்னு இல்லை, வைக்கணும்னே இருக்கு. வாரியங்கள் ஆறு மாசத்துக்கு ஒரு தடவையாவது கூடணும்னும் இருக்கு.

மாநில வாரியத்துக்கு யார் தலைவர்? அந்தத் துறையோட அமைச்சர். நம்ம மாநிலத்துல இந்தத் துறை பல வருஷம் முதலமைச்சர் கையிலேயே இருந்திருக்கு. அப்போ தலைமையில முதலமைச்சர், சுத்தி நிதி, சுகாதாரம், பள்ளிக்கல்வி, போக்குவரத்து, ஊரக வளர்ச்சி, வீட்டுவசதின்னு பதினைந்துக்கும் மேற்பட்ட துறைச் செயலாளர்கள், மூணு சட்டமன்ற உறுப்பினர்கள். யோசிச்சுப் பாருங்க. ஒரு சாய்தளம் கட்டணும்னா காசு குடுக்கிறவர், கட்டுறவர், பராமரிக்கிறவர் எல்லாரும் ஒரே ரூம்ல. எங்க ஆஃபீஸ்ல ஒரு ரிலீஸுக்கு இத்தனை பேரை ஒரே மீட்டிங்ல கொண்டுவர நாங்க கோயிலுக்கு நேர்ந்துக்கணும்.

அப்போ மாற்றுத்திறனாளிகளுக்கு எத்தனை இடம்? வல்லுநர்கள் அஞ்சு பேர். சங்கங்கள், தொண்டு அமைப்புகள் சார்பா பத்து பேர். அந்தப் பத்து பேர் "இயன்றவரை" மாற்றுத்திறனாளிகளா இருக்கணும். அதுல அஞ்சு பேராவது பெண்கள். பட்டியல் சாதியில ஒருத்தர், பழங்குடியில ஒருத்தராவது. வணிகச் சங்கங்கள் சார்பா மூணு பேர் வரைக்கும். அப்புறம் மாவட்டங்கள் சார்பா சுழற்சி முறையில அஞ்சு பேர்.

இந்தச் சுழற்சில ஒரு நிமிஷம் நிக்கலாம். தமிழ்நாட்டுல 38 மாவட்டம். ஒரு தடவைக்கு அஞ்சு. நியமன உறுப்பினர் காலம் மூணு வருஷம். 38-ஐ அஞ்சால வகுத்தா எட்டு சுத்து. எட்டு மூணு இருபத்திநாலு. ஒரு மாவட்டம் ஒரு தடவை உக்காந்துட்டு எழுந்தா மறுபடி முறை வர 24 வருஷம் ஆகலாம். செங்கல்பட்டு மாவட்டமே பிறந்தது 2019 நவம்பர்லதான். அத்தைகிட்ட இந்தக் கணக்கைச் சொன்னேன். "எனக்கு அப்ப 82 ஆயிருக்கும், பரவாயில்ல, முதியோர் கோட்டாவுல வர்றேன்"னாங்க.

இன்னொண்ணு கண்ல பட்டது. வாரிய உறுப்பினரா இருக்கத் தகுதி இல்லாதவங்க யாருன்னு ஒரு பிரிவு இருக்கு. திவாலானவர், குற்றத் தண்டனை பெற்றவர்னு வழக்கமான பட்டியல்தான். அதுல சித்த சுவாதீனம் இல்லாதவர்னு நீதிமன்றம் அறிவிச்சவரும் இருக்கார். மனநோயையும் அறிவுசார் குறைபாட்டையும் தன்னோட 21 வகைக்குள்ள சேர்த்துக்கிட்ட சட்டம் இது. எங்கேயோ பழைய சட்டத்துல இருந்து காப்பி பேஸ்ட் பண்ணினப்ப அந்த வரியை யாரும் திரும்பப் படிக்கலைன்னு நினைக்கிறேன். நம்மளும் பண்ணியிருக்கோம், கோடுல.

வெளிநாட்டுல எப்படின்னு கொஞ்சம் பார்த்தேன். அமெரிக்காவுல வளர்ச்சிசார் குறைபாடு உள்ளவங்களுக்காக ஒவ்வொரு மாநிலத்துலயும் ஒரு கவுன்சில் உண்டு. அதுல குறைஞ்சது 60 சதவீதம் பேர் அந்தக் குறைபாடு உள்ளவங்களாவோ அவங்க குடும்பத்தாராவோ இருக்கணும்னு கூட்டாட்சிச் சட்டமே சொல்லுது. முதியோர் சேவைக்கு வட்டார அளவுல இருக்கிற அமைப்புகளோட ஆலோசனைக் குழுவுல பாதிக்கு மேல முதியவங்களே இருக்கணும். அங்க எல்லாம் பிரமாதம்னு சொல்ல வரலை. ஆனா "இயன்றவரை"க்கும் "60 சதவீதத்துக்கும்" வித்தியாசம் இருக்கு. ஒண்ணை டெஸ்ட் பண்ணலாம், இன்னொண்ணை டெஸ்ட் பண்ண முடியாது.

ஆனா எனக்கு இந்த வாரம் உண்மையா உறைச்சது எண்ணிக்கை இல்லை. பதில்.

கவனமா கேளுங்க, இந்த இடம்தான் முக்கியம். வாரியத்தோட பணி என்னன்னு 71-வது பிரிவு சொல்லுது. அரசுக்கு ஆலோசனை சொல்லணும், கொள்கை வகுக்கணும், துறைகளோட வேலையை ஆய்வு செய்யணும், அணுகல் வசதிக்கு என்ன செய்யலாம்னு பரிந்துரைக்கணும், சட்டத்தோட விளைவைக் கண்காணிக்கணும். பெரிய பட்டியல். ஆனா அந்த ஆலோசனையை வாங்கிக்கிட்ட அரசு என்ன செய்யணும்? ஏத்துக்கலைன்னா காரணம் சொல்லணுமா? எத்தனை நாளுக்குள்ள? அந்தப் பிரிவுல ஒண்ணும் இல்லை.

இப்ப பத்து பிரிவு தள்ளி 81-க்குப் போங்க. அது மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரைப் பத்தினது. ஒருத்தரோட உரிமை பறிபோன விஷயத்துல ஆணையர் விசாரிச்சு ஒரு பரிந்துரை அனுப்பினா, அந்த அதிகாரி மூணு மாசத்துக்குள்ள நடவடிக்கை எடுத்து ஆணையருக்குத் தெரிவிக்கணும். ஏத்துக்க முடியலைன்னா, ஏன் முடியலைன்னு அதே மூணு மாசத்துக்குள்ள எழுதிக் குடுக்கணும். பாதிக்கப்பட்டவருக்கும் தகவல் போகணும்.

ரெண்டும் ஒரே சட்டம். எழுதினவங்களுக்கு "பதில் சொல்லு, இல்ல காரணம் சொல்லு"ன்னு எழுதத் தெரிஞ்சிருக்கு. அதை ஆணையருக்கு எழுதிட்டாங்க. வாரியத்துக்கு எழுதலை.

எங்க டீம்ல நான் ஒரு கோடு எழுதினா இன்னொருத்தர் ரிவ்யூ பண்ணுவார், கமென்ட் போடுவார். அந்தக் கமென்ட்டை நான் ஏத்துக்கணும்னு கட்டாயம் இல்லை. ஆனா "இல்லை, இந்தக் காரணத்தால இப்படியே விடுறேன்"னு எழுதி மூடணும். மூடாம மெர்ஜ் பட்டன் வேலை செய்யாது. சீனியர் போட்டாலும் அதான், போன மாசம் சேர்ந்த ட்ரெய்னி போட்டாலும் அதான். ட்ரெய்னிக்கு எங்க டீம்ல ஓட்டு எல்லாம் கிடையாது. ஆனா அவன் கமென்ட்டுக்கு நான் பதில் எழுதியே ஆகணும், அதனாலயே அவன் சொல்றதை ஒழுங்கா படிக்கிறேன்.

கட்டினதுக்கு அப்புறம் கேட்கிற வழக்கத்துக்கு என்ன விலைன்னு நம்ம பக்கத்துலயே பார்க்கலாம். 2023 டிசம்பர் 30-ல கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்தாங்க. எவ்வளவு பெரிய கட்டடம். திறந்த கொஞ்ச நாள்லயே மாற்றுத்திறனாளிகளுக்கான வசதி போதலைன்னு உயர் நீதிமன்றத்துல வழக்கு. பேருந்தும் அப்படித்தான். தாழ்தளப் பேருந்து வேணும்னு மாற்றுத்திறனாளிகள் பல வருஷம் நீதிமன்றம் ஏறி இறங்கினாங்க. தரையில இருந்து 400 மில்லிமீட்டர் உயரத்துல தளம் இருந்தா வீல்சேர் ஏறும், கைத்தடி வச்ச தாத்தா ஏறுவார், கர்ப்பிணி ஏறுவாங்க. 2024 ஆகஸ்ட்லதான் புது தாழ்தளப் பேருந்துகள் சென்னை ரோட்டுக்கு வந்துச்சு. வீல்சேர்ல இருக்கிறவங்க நாலு பேர் டெண்டருக்கு முன்னாடியே ஒரு டேபிள்ல உக்காந்து, அவங்க சொன்னதுக்கு எழுத்துல பதில் வந்திருந்தா, இதுல எத்தனை வாய்தா மிச்சமாகியிருக்கும்?

பழைய கட்டடங்களுக்கும் ஒரு கெடு இருந்துச்சு. பொதுக் கட்டடங்களை எல்லாம் அஞ்சு வருஷத்துக்குள்ள அணுகக்கூடியதா மாத்தணும். விதிகள் வந்தது 2017 ஜூன், கெடு 2022 ஜூன். நாங்க படிக்கட்டுக்குக் கீழ ஸ்டூல்ல உக்காந்தது அதுக்கப்புறம். போன வருஷம் நவம்பர்ல, ராஜீவ் ரதூரி வழக்குல, உச்ச நீதிமன்றம் இந்த அணுகல் விதியையே செல்லாதுன்னு சொல்லிடுச்சு. காரணம், கட்டாயமா இருக்க வேண்டிய தரத்தை வெறும் வழிகாட்டுதலா எழுதி வச்சிருக்கீங்கன்னு. மறுபடி அதே நோய்தான் பாருங்க. சட்டம் "செய்யணும்"னு சொல்லுது, அதுக்குக் கீழ வர்ற விதி "செஞ்சா நல்லது"ன்னு சொல்லுது.

முதியோர் பக்கம் வேகமா பார்த்துட்டு வந்துடறேன், அங்க விஷயம் இன்னும் மெலிசு. தேசிய அளவுல 1999 முதியோர் கொள்கைக்கு அப்புறம் ஒரு கவுன்சில் வந்துச்சு, 2012-ல அதைப் பேர் மாத்தி அமைச்சாங்க. 2007 பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் சட்டத்துக்கு மத்திய அரசு அனுப்பின மாதிரி விதிகள்ல மாநில கவுன்சில், மாவட்டக் குழு எல்லாம் இருக்கு. ஆனா அந்தச் சட்டம்னாலே நம்ம ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்சது ஆர்டிஓ முன்னாடி பிள்ளைங்க மேல போடுற ஜீவனாம்ச மனு மட்டும்தான். கேரளா இந்த வருஷம் முதியோருக்குன்னு தனி ஆணையமே அமைக்கச் சட்டம் போட்டிருக்கு, நாட்டுலயே முதல். அவசரம் நமக்கும் குறைவில்லை. மக்கள்தொகை கணிப்புக் குழுவோட அறிக்கைப்படி தமிழ்நாட்டுல 60 வயசுக்கு மேற்பட்டவங்க 2021-ல 13.6 சதவீதம், 2031-ல 18.2 ஆகும். கிட்டத்தட்ட அஞ்சு பேர்ல ஒருத்தர். முட்டி போனவங்க, காது மந்தமானவங்க, கண்ல புரை வந்தவங்க. இவங்க யாரும் தங்களை மாற்றுத்திறனாளின்னு சொல்லிக்க மாட்டாங்க, ஆனா தேவை அதே கைப்பிடி, அதே சாய்தளம்தான். எங்க பாட்டியும் அத்தையும் ஒரே பாத்ரூம் கைப்பிடியைத்தான் பிடிக்கிறாங்க. அரசாங்கத்துல மட்டும் ஒருத்தர் சமூக நலத்துறை, இன்னொருத்தர் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை, ரெண்டு பேர் பென்ஷனுக்கும் தாசில்தார்.

சரி, இப்ப அத்தையோட ஃபாரத்துக்கு வருவோம்.

இந்த ஏப்ரல்ல சட்டமன்றத்துல ரெண்டு மசோதா வந்துச்சு. 1998 நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டத்தையும் 1994 ஊராட்சிகள் சட்டத்தையும் திருத்தி, ஒவ்வொரு உள்ளாட்சி அமைப்புலயும் மாற்றுத்திறனாளியை நியமிக்கணும்னு. அப்ப சொன்ன கணக்கு: மாநிலம் முழுக்க நகர்ப்புற உள்ளாட்சிகள்ல இப்ப இருக்கிற மாற்றுத்திறனாளி உறுப்பினர்கள் 35 பேர். இந்தச் சட்டம் வந்தா அது 650 ஆகும். கிராம ஊராட்சிகள்ல 12,913 பேர், ஊராட்சி ஒன்றியங்கள்ல 388, மாவட்ட ஊராட்சிகள்ல 37. எண்ணிக்கைல பார்த்தா, இந்தியாவுல நான் படிச்ச எந்த ஆலோசனை வாரியமும் இதுக்குப் பக்கத்துல வராது.

தாம்பரம் மாநகராட்சி 2021 நவம்பர்ல உருவானது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம்னு அஞ்சு நகராட்சி, பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, சிட்லபாக்கம், மாடம்பாக்கம், திருநீர்மலைன்னு அஞ்சு பேரூராட்சி எல்லாம் சேர்ந்து 70 வார்டு. தனித்தனியா இருந்திருந்தா பத்து அமைப்புக்குப் பத்து பேர் வந்திருப்பாங்க. இப்ப ஒரு மாநகராட்சி, நூறுக்குக் கீழ வார்டு, அதனால ஒரே ஒரு நாற்காலி. அனகாபுத்தூர்ல இருந்து மாடம்பாக்கம் வரைக்கும் ஒருத்தர் பேசணும். மன்றக் காலமும் பாருங்க, இப்ப இருக்கிறது 2022 பிப்ரவரித் தேர்தல்ல வந்தது. மிச்சம் ஒன்றரை வருஷம் சொச்சம்தான்.

ஓட்டு கிடையாது. அரசியலமைப்புல 243ஆர்-லயே நகராட்சிக்கு நியமிக்கப்படுற அனுபவசாலிகளுக்கு வாக்குரிமை இல்லைன்னு இருக்கு. பேசலாம், கேள்வி கேட்கலாம், கை தூக்கி எண்ணும்போது மட்டும் கணக்குல வர மாட்டாங்க.

இதைத் தெரிஞ்சுக்கிட்டப்ப நான் அத்தைக்கு வேணாம்னுதான் சொல்ல நினைச்சேன். என் ஃப்ரெண்ட் ஒருத்தன், பார்வைக் குறைபாடு உள்ளவன், பெருங்குடில ஒரு கம்பெனில டெஸ்டர். அவன்கிட்ட கேட்டேன். அவன் வேற மாதிரி சொன்னான். "எழுபது பேர்ல ஒரு ஓட்டு இருந்து நீ என்னத்தைக் கிழிச்சுடுவ? அங்க ஒரு கவுன்சிலர் தனியா ஓட்டுப் போட்டு எந்தத் தீர்மானமும் நின்னதில்லை. எனக்கு வேண்டியது அஜெண்டா எனக்கு முன்னாடியே வரணும், அதுவும் என் ஸ்கிரீன் ரீடர் படிக்கிற ஃபைலா வரணும். ஸ்கேன் பண்ணின பேப்பரா வந்தா எனக்கு ஓட்டு இருந்தும் பிரயோஜனம் இல்லை."

அவன் சொன்னதுல பாதி எனக்கு ஒப்புதல் இல்லை. ஓட்டு இல்லாதவங்களை மத்தவங்க எப்படிப் பார்ப்பாங்கங்கிறது சின்ன விஷயம் இல்லை. கல்யாண வீட்டுல முன் வரிசைல உக்கார வச்சுட்டு பந்திக்குக் கூப்பிடாத மாதிரி ஆயிடும். 650 பேரும் ஆளுங்கட்சி சிபாரிசுல வந்தவங்களா இருந்தா அவங்க யாருக்குப் பேசுவாங்கங்கிற பயமும் இருக்கு. ஆனா அவன் சொன்ன மீதிப் பாதி சரி. ஆலோசனை சொல்ற எந்த அமைப்புக்கும் உயிர் அஜெண்டாவுலயும் மினிட்ஸ்லயும் இருக்கு. முன்னாடியே தெரியணும், பின்னாடி பதில் வரணும்.

மினிட்ஸைப் பத்தி ஒரு நல்ல செய்தி இருக்கு, இதுக்காகவே இந்த எபிசோடு பண்ணலாம். தகவல் உரிமைச் சட்டம் 2005, 4-வது பிரிவு. யாரும் கேட்காமலேயே அரசு அலுவலகங்கள் தானா வெளியிட வேண்டிய விஷயங்களோட பட்டியல் அது. அதுல எட்டாவது இடத்துல என்ன இருக்கு தெரியுமா? தனக்கு ஆலோசனை சொல்ல அமைச்ச வாரியங்கள், கவுன்சில்கள், குழுக்கள் எல்லாத்தோட விவரம். அதோட கூட்டங்களுக்குப் பொதுமக்கள் போகலாமா, அதோட நடவடிக்கைக் குறிப்புகள் பொதுமக்களுக்குக் கிடைக்குமாங்கிறதும் சேர்த்து. நான் மனு எழுதினப்ப இது தெரியாது. தெரிஞ்சிருந்தா "என்ன நடவடிக்கை"ன்னு பொத்தாம்பொதுவா கேட்டிருக்க மாட்டேன். மாவட்ட அளவிலான குழு எந்த ஆணையில அமைஞ்சது, உறுப்பினர்கள் யார், கடைசி ரெண்டு கூட்டம் எந்தத் தேதி, அதோட குறிப்போட நகல், எந்தப் பரிந்துரைக்கு எந்த அலுவலகம் எந்தத் தேதில பதில் அனுப்பிச்சதுன்னு அஞ்சு கேள்வியா உடைச்சிருப்பேன். "பெறப்பட்டன"ன்னு ஒரு வார்த்தைல தப்பிக்க முடியாது. உங்க மாவட்டத்துக்கு நீங்க போட்டுப் பாருங்க. பதில் வந்தா எனக்கு அனுப்புங்க, சேர்த்து வைக்கிறேன்.

நேத்து சாயந்திரம் அத்தை வீட்டுக்குப் போனேன். 71-ஐயும் 81-ஐயும் மெஷின் பக்கத்துல உக்காந்து விளக்கினேன். அவங்க ஹெம்மிங் பண்ணிக்கிட்டே கேட்டாங்க. நடுவுல ஒரு தடவை நிறுத்தி, "அப்ப மன்றத்துல நான் ஒண்ணு கேட்டா, அது புக்குல ஏறுமா?"ன்னு கேட்டாங்க.

"ஏறணும் அத்தை."

"ஏறலைன்னா?"

"அடுத்த கூட்டத்துல ஏன் ஏறலைன்னு கேட்கலாம்."

"அதுவும் ஏறலைன்னா?"

"அப்ப நான் பத்து ரூபாய்க்கு மனு போடுறேன்."

சிரிச்சுட்டாங்க. அப்புறம் ஃபாரத்தை எடுக்கச் சொன்னாங்க. எழுதுறது நான், சொல்றது அவங்க. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை நம்பர், ஆதார், முகவரி எல்லாம் போட்டாச்சு. சமூகப் பணி அனுபவம் பத்தி எழுதுற இடம் வந்ததும், "நான் எந்தச் சங்கத்துலயும் இல்லையேடா"ன்னு தயங்கினாங்க. தெருவுல யாருக்கெல்லாம் அடையாள அட்டை வாங்கிக் குடுத்தீங்க, சொல்லுங்கன்னேன். விரல் விட்டு எண்ண ஆரம்பிச்சாங்க. காது கேட்காத பையன் ஒருத்தன், பக்கவாதம் வந்த ஆட்டோ டிரைவர், பக்கத்து ஃபிளாட்டுல டவுன் சிண்ட்ரோம் குழந்தை. பதினொண்ணு வரைக்கும் வந்துச்சு. பெயர் எதுவும் வேண்டாம், எண்ணிக்கை மட்டும் போடுன்னாங்க. போட்டேன்.

அப்புறம் ஒரு வெள்ளைத்தாள் கேட்டாங்க. விண்ணப்பத்தோட வைக்க இல்லை, அவங்களுக்கே. நியமனம் கிடைச்சா முதல் கூட்டத்துல கேட்க வேண்டியதை எழுதி வைக்கணுமாம். முதல் வரி: கூட்ட அரங்கு எந்தத் தளம், வீல்சேர் உள்ள வர கதவு எத்தனை அடி அகலம். ரெண்டாவது வரி: நான் கேட்கிற கேள்விக்கு எத்தனை நாள்ல எழுத்துல பதில் வரும். மூணாவதுக்கு யோசிச்சுக்கிட்டே இருந்தப்ப ஒரு கஸ்டமர் ப்ளவுஸ் வாங்க வந்துட்டாங்க.

நாளைக்குக் காலைல லீவு போட்டிருக்கேன். ஸ்கூட்டில அவங்க முன்னாடி, என் பைக்ல நான் பின்னாடி, போய் ஃபாரத்தைக் குடுத்துட்டு ஒப்புகைச் சீட்டு வாங்கிட்டு வரணும். விண்ணப்பிக்க நினைக்கிறவங்க உங்க உள்ளாட்சி அலுவலகத்துல கடைசித் தேதியைக் கேட்டுக்கோங்க. கேட்டுட்டிருக்கிறவங்கள்ல யாராவது மாவட்டக் குழுவுலயோ மாநில வாரியத்துலயோ இருந்திருந்தா, எனக்கு ஒரு வாய்ஸ் நோட் போடுங்க. நீங்க சொன்னதுல எதுக்காவது எழுத்துல பதில் வந்துச்சான்னு மட்டும் சொல்லுங்க போதும். அதை வச்சு இன்னொரு எபிசோடு பண்றேன். இதோ ரயில் வந்துடுச்சு, நிறுத்திக்கிறேன். அடுத்த வாரம் பார்ப்போம்.